ஒரு வாய் ரத்தம்

லேப் டெக்னீசியன் வேலைங்கிறது, வாரவங்க போறவங்க அத்தன பேருகிட்டயும் "ஒண்ணும் பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு, கதவச் சாத்திக்கிட்டு நாம பயந்து சாகுற வேலை.

இந்த வேலை பாத்தவங்க, இப்பவும் பாத்துக்கிட்டிருக்கவங்க உங்கள்ல யாராவது இருந்தா நாஞ் சொல்லுறது சட்டுனு புரியும். மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. எம்பதுகளோட தொடக்கத்துல சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நான் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். லேப்புன்னா ஜன்னல் வச்ச ஒத்த ரூம்பு. ஒரு மைக்ராஸ்கோப்பு, கையால சுத்துற சென்ட்ரிபியூஜ், அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணாச்சி, பெறவு நான். அம்புட்டுத்தான்.

மிச்ச ரத்தம்

எங்க பக்கத்து ஆளுகளுக்கு ரத்தம் குடுக்கிறதுன்னா சொத்த எழுதிக் குடுக்கிற மாதிரி. வயக்காட்டுல அருவா வெட்டிட்டா வேட்டிய கிழிச்சுக் கட்டிட்டு வேலையப் பாப்பாங்க. அதே ஆளுக்குச் சிரிஞ்சியில ரத்தம் ஏறுறதப் பாத்தா கண்ணு சொருகிரும். ராயகிரியிலேர்ந்து ஒரு அக்கா காய்ச்சல் விடலைன்னு வந்திருந்தா. நான் ரத்தம் எடுத்து முடிக்கிற வரைக்கும் கோயில் இருக்க தெசையப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே இருந்தா. எடுத்ததும், எல்லாச் சீக்குக்கும் மருந்துன்னு முந்தியில முடிஞ்சு வச்சிருந்த கோயில் புத்துமண்ணை எடுத்து, ஊசி குத்துன எடத்துல பூசிக்கிட்டா. மண்ணப் பூசாதீங்கக்கா, பஞ்ச வச்சு அமுக்குங்கன்னு நான் கத்துனது அவ காதுலயே ஏறல. எனக்கு அம்புட்டு மரியாதை.

பூசுனவ போனாளான்னா போகல. நான் சிரிஞ்சியிலேர்ந்து பாட்டிலுக்கு மாத்துறத வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு நின்னா. "டெஸ்ட்டுக்குக் கொஞ்சந்தான் வேணும், பயப்படாதீங்க"ன்னு தைரியம் சொல்லப் போய் மாட்டிக்கிட்டேன். அக்கா பாட்டில ஒரு பார்வை, என்ன ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னா: "அப்ப மிச்சத்தத் திரும்ப ஏத்தி விட்டுருங்கம்மா, கஞ்சி குடிச்சு ஊறுன ரத்தம்."

ஜன்னல்ல ஒரு மொகம்

இப்ப உள்ள பிள்ளைககிட்டச் சொன்னா நம்ப மாட்டாங்க. அந்தக் காலத்துல லேப்புல எல்லாத்தையும் வாயாலதான் உறிஞ்சணும். ரத்தத்துல செவப்பு எம்புட்டு வேகமாக் கீழ படியுதுன்னு பாக்குறதுக்குப் பேரு இ.எஸ்.ஆர்., அதுக்கு ஒரு நீளக் கண்ணாடிக் குழாய் உண்டு. ஒரு நுனிய ரத்தத்துல விட்டு, மறு நுனியில வாய வச்சு, கோடு வரைக்கும் பைய இழுத்து, சட்டுனு விரலால அடைச்சு ஸ்டாண்டுல நிறுத்தணும். படிச்ச எடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடந்துச்சு. வாய்க்குப் பதிலா இழுக்க ரப்பர் பல்புன்னு ஒண்ணு எங்க அலமாரியில கெடந்துச்சு. அது ஓட்டை.

அன்னைக்குக் கரிவலம்வந்தநல்லூர்லேர்ந்து வேலுச்சாமின்னு ஒரு விவசாயி வந்திருந்தாரு. மஞ்சக்காமாலை. ஊர்ல கையில சூடு போட்டுப் பாத்து, அது கேக்காமதான் எங்ககிட்ட வந்தது. முழங்கைக்கு மேல புண்ணு இன்னும் ஆறல. ரத்தம் எடுத்துட்டு வெளிய உக்காருங்கன்னு அனுப்பிச்சேன். உள்ள வந்து குழாய்ல வாய வச்சு அவரு ரத்தத்த இழுத்துக்கிட்டிருக்கேன், ரத்தம் கோட்டுக்குப் பக்கத்துல வந்துருச்சு, திடீர்னு ஜன்னல்லேர்ந்து ஒரு கத்தல். பதறிப்போய் மூச்ச உள்ள இழுத்தேன் பாருங்க, உப்பும் துருவுமா ஒரு வாய் ரத்தம் நாக்குல நிக்கி.

தண்ணித் தொட்டிக்கு ஓடித் துப்புறேன், துப்புறேன், செவப்பு நிக்க மாட்டேங்கு. எனக்கு அப்ப நாலு மாசம். புள்ளத்தாச்சிக்கு ஈறு வீங்கிப் பல்லு தேச்சாலே ரத்தம் கசியும், பெத்தவங்களுக்குத் தெரியும். துப்புறதுல எது என்னோடது, எது அவரோடதுன்னு எனக்கே தெரியல. நிமிந்து பாத்தா ஜன்னல்ல வேலுச்சாமி, மஞ்சக் கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும் போல. மொதல்ல கத்துனதும் அதேதான், இப்ப நடுங்கிக்கிட்டே கேட்டதும் அதேதான்: "எம்மா, என் ரத்தத்தையா குடிக்கீக?"

ஆளப் பிடி

பதில் சொல்ல வாயக் கழுவிட்டு வாரதுக்குள்ள மனுசன் செருப்பக்கூட விட்டுட்டு ஓடிட்டாரு. நான் ஓடுன ஓட்டத்துல பாட்டிலும் குழாயும் உருண்டு உடஞ்சு போச்சு. சுடலைமுத்து அண்ணாச்சி பினாயில ஊத்தித் தரையக் கழுவி, காய வச்சுக்கூட முடிச்சுட்டாரு. நல்ல மனுசன், அன்னைக்குப் பாத்து அம்புட்டுச் சுறுசுறுப்பு. டெஸ்ட்டுக்கு ஒரு சொட்டு மிச்சமில்ல.

நடந்ததச் சொன்னதும் எங்க டாக்டர் கிருபாகரன் மொதல்ல கேட்ட கேள்வி, "ஈறுல ரத்தம் கசியுதா?" ஆமான்னு தலைய ஆட்டுனேன். கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. அந்த மனுசன் கண்ணாடியக் கழட்டுனா நல்ல சேதி வராதுன்னு ஆஸ்பத்திரிக்கே தெரியும். காமாலையில தண்ணியால வாரது ஒண்ணு, வந்து போயிரும். ரத்தத்தால வாரது இன்னொண்ணு, அதுக்குப் பேரு ஹெப்படைட்டிஸ் பி. பெரியவங்களுக்கு வந்தா முக்காவாசி தானா விட்டுரும். தாய்க்கு இருந்து பிள்ளைக்குத் தொத்திச்சுன்னா, பிள்ளைய விடாது, வளர வளர ஈரலயே தின்னுரும்னு சொன்னாரு. "எனக்கு இப்பவே பாருங்க சார்"னு அழுதேன். இப்பப் பாத்தா தெரியாதாம், மாசக்கணக்குல பொறுக்கணுமாம். தடுப்பு மருந்து வெளிநாட்டுல வந்திருக்காம், நம்ம கைக்கு எட்டாதாம். டெஸ்ட்டே திருநெல்வேலிக்கு அனுப்பித்தான் செய்யணுமாம். நர்சு ரெஜினா சிஸ்டர் உப்புத்தண்ணிய டம்ளர் டம்ளரா கொண்டாந்து என்னக் கொப்புளிக்க வச்சுக்கிட்டே இருந்தா. டாக்டர் கடைசியாச் சொன்னாரு: "செண்பகம், அவனுக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் நீ பயப்படணுமா வேண்டாமான்னே சொல்ல முடியும், மொதல்ல ஆளப் பிடி."

தனித் தம்ளர்

வீட்ல சொல்லல. எங்க வீட்டுக்காரவுக நெசவாளர் சொசைட்டியில வேலை, சத்தமா ஒரு வார்த்த பேசாத ஆளு. எனக்குன்னு ஒரு தம்ளரு, ஒரு தட்டு, தனியா எடுத்து வச்சேன். பாயைத் தள்ளிப் போட்டேன். ராத்திரி படுத்தா வயித்துல கைய வச்சுக்கிட்டு, உள்ள கெடக்குற பிள்ளைகிட்ட "ஒண்ணும் பயப்படாத"ன்னு சொல்லுவேன். ஊருக்கே சொல்லிப் பழகுன வாய்தான, அது பாட்டுக்குச் சொல்லிட்டுப் போகுது.

அவுக நாலு நாளு பொறுத்துப் பாத்தாக. நான் என்னமோ கோவத்துல இருக்கேன்னு நெனச்சுப் பூவெல்லாம் வாங்கிட்டு வந்தாக. அதுக்கும் நான் மசியலைன்னதும் அடுப்படியில வந்து உக்காந்து, "என்னட்டி, என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டாக. அடக்கி வச்சிருந்தது எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவுக என் தம்ளர்ல மிச்சமிருந்த காப்பிய எடுத்து மடக்குனு குடிச்சுட்டாக. "ஏ கோட்டிக்கார மனுசா!"ன்னு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுல தறிச் சத்தமே நின்னு போச்சு. அவுக தம்ளரக் கவுத்தி வச்சுட்டுச் சொன்னாக: "நீ டீச்சருக்குப் படிச்சிருந்தா சாக்பீஸ் தூசியோட போயிருக்கும்லா."

கரிவலத்துக்குப் போனது

நோயாளிதான் ரத்தத்தக் காப்பாத்திக்கிட ஓடுவான், நாம உக்காந்த எடத்துல இருப்போம்னு நெனச்சிருந்தேன். இப்ப சிரிஞ்சிய வேகவச்சு டப்பாவுல போட்டுக்கிட்டு, நான் நோயாளியத் தேடி பஸ் ஏறுதேன். சுடலைமுத்து அண்ணாச்சியும் கூட வந்தாரு. பஸ்ஸ விட்டு எறங்கி டீக்கடையில வேலுச்சாமி வீட்டக் கேட்டா, "எந்த வேலுச்சாமி? ஆஸ்பத்திரியில ரத்தத்த உறிஞ்சுனாகளே, அந்த வேலுச்சாமியா?"ன்னு கேக்காரு கடைக்காரரு. என் கையில டப்பாவப் பாத்ததும் டீ ஆத்துறத நிறுத்திட்டாரு. தெருவுல வெளாண்டுக்கிட்டிருந்த பிள்ளைக அம்புட்டும் வீட்டுக்குள்ள ஓடிப்போச்சு.

வேலுச்சாமி பொஞ்சாதி மாரியம்மா நடையில கைய விரிச்சு மறிச்சுக்கிட்டா. "குடிச்சது பத்தாதாக்கும்? வீட்டுக்கே வந்துட்டீகளோ?" உள்ள நார்க்கட்டில்ல வேலுச்சாமி, கையில கீழாநெல்லி அரைச்சுக் கலக்குன மோர். நான் குழாயப் பத்தி, கோட்டப் பத்தி, இ.எஸ்.ஆர். பத்தியெல்லாம் வெளக்குதேன். என் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டுச்சு. வாயில வச்சு உறிஞ்சுறது டெஸ்ட்டுன்னு சொன்னா எவன் நம்புவான்? பெறவு எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. சேலைய ஒதுக்கி வயித்தத் தொட்டுக் காட்டுனேன். "அண்ணாச்சி, நீங்க போட்ட சத்தத்துல உங்க ரத்தம் என் வாய்க்குள்ள போயிருச்சு. உங்களுக்கு அந்தக் கெட்ட காமாலையா இருந்தா எனக்கும் வரும், இதுக்கும் வரும். தெரிஞ்சுக்கிடணும், அதுக்குத்தான் வந்திருக்கேன்"னேன்.

மாரியம்மா விரிச்ச கையத் தானா கீழ போட்டுட்டா. வேலுச்சாமி மோரக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு உக்காந்தாரு. அவரு மொகத்துல இருந்த பயம் இப்ப வேற மாதிரி இருந்துச்சு. சூடு போடாத கையா பாத்து நீட்டிட்டுச் சொன்னாரு: "என் சீக்கு எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம், எம்புட்டு வேணுமோ எடுத்துக்கிடுங்க."

பஸ்ஸுல பிளாஸ்க்கு

டாக்டரோட கூடப் படிச்சவரு திருநெல்வேலியில அந்த டெஸ்ட்டு செய்யுற லேப்புல இருந்தாரு, அதனால ஆச்சு. கூடப் படிச்சவரு இல்லாத ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்களோ, தெரியல. ரத்தத்த சென்ட்ரிபியூஜுல சுத்தி, மேல நிக்கிற தெளிவ மட்டும் டியூப்புல எடுத்து, பஞ்சு அடைச்சு, பிளாஸ்திரி ஒட்டி, காப்பி பிளாஸ்க்குல ஐஸ் போட்டு உள்ள வச்சேன். ஐஸ் வாங்குனது சேமியா ஐஸ் கம்பெனியில. வேற ஆளை நம்பி அனுப்ப மனசு வரல, நானே கெளம்பிட்டேன். பிளாஸ்க்க மடியில வச்சா வயித்துல இடிக்குதேன்னு பயம். கீழ வச்சா உடஞ்சுருமேன்னு பயம். ரோட்டுல குழி வரும்போதெல்லாம் ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

பக்கத்துல கைப்பிள்ளையோட ஒரு பொம்பள. "தல சுத்துது, ஒரு மொடக்கு காப்பி ஊத்துங்க"ன்னு கேட்டா. இல்லைங்கேன். "கையில பிளாஸ்க்க வச்சுக்கிட்டு இல்லைங்கீகளே, புள்ளத்தாச்சிக்கு இந்தக் கஞ்சத்தனம் ஆகாது"ன்னு சொல்லி மூடியத் தொறக்கக் கையக் கொண்டு வந்துட்டா. "தொடாதீங்க, அதுல ரத்தம் இருக்கு!"ன்னு போட்டேன் ஒரு சத்தம். அவ்வளவுதான். முன் சீட்டு, பின் சீட்டு, எல்லாம் எந்திரிச்சுருச்சு. இன்னொருத்தி ஜன்னலப் பாத்து வாந்தியே எடுத்துட்டா. திருநெல்வேலி வரைக்கும் நீள சீட்டு பூரா எனக்குத்தான், ராணி மாதிரி போனேன், உள்ள நடுங்கிக்கிட்டே. எறங்கும்போது கண்டக்டர் தள்ளி நின்னுக்கிட்டே சொன்னாரு: "எம்மா, அடுத்த வாட்டி வாரதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க, நான் லீவு போட்டுருதேன்."

மருந்தில்லாத சீக்கு

ரிசல்ட்டு டிரங்க் கால்ல வந்துச்சு. ஆபீஸ் ரூம்புல டாக்டர் போனக் காதுல வச்சிருக்காரு, நான் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். "சரி... சரி... தேங்க்ஸ்"னு வச்சாரு. பெறவு கண்ணாடியக் கழட்டுனாரு. அதோட எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேலுச்சாமிக்கு இருக்கு, பி-யேதான். இனி பிள்ளை பெறக்குறதுக்கு முன்னாடி என் ரத்தத்தப் பாக்குற வரைக்கும் நான் பொழுதப் போக்கணும். எப்படிப் போக்குனேன்னு கேக்காதீங்க. காலையில எந்திரிச்சதும் மொத வேலை, கண்ணாடியில கண்ணைப் பிதுக்கிப் பாக்குறது. வீட்ல வெளக்கு மஞ்ச பல்பு, அதுல பாத்தா எவ கண்ணும் மஞ்சளாத்தான் தெரியும். அவுக மறுநாளே டியூப்லைட்ட வாங்கி மாட்டிட்டாக. என் நடுக்கத்துல ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்லது நடந்துச்சு: டாக்டர் சண்ட போட்டுப் புது ரப்பர் பல்பு வாங்குனாரு, குழாயில வாய் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, காமாலைன்னு யார் வந்தாலும் திருநெல்வேலிக்குப் பிளாஸ்க்கு போக ஏற்பாடு செஞ்சாரு.

வேலுச்சாமிய வரவழைச்சு விசயத்தச் சொன்னோம். அப்பக் காமாலை எறங்கி, கண்ணு வெள்ளையாயிருந்துச்சு, ஆளும் தெம்பாத்தான் இருந்தாரு. இதுக்கு மருந்து கெடையாது, தானா விட்டாலும் விட்டுரும், மறுபடி டெஸ்ட்டு பாத்தாத்தான் தெரியும், சாராயம் தொடக்கூடாது, சவர பிளேட யாருக்கும் குடுக்கக் கூடாது, மாரியம்மாளுக்கும் ரத்தம் பாக்கணும்னு டாக்டர் சொல்லிக்கிட்டே போறாரு. அவரு பவ்யமா கேட்டுக்கிட்டாரு. எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு, குத்தமாக் கேக்கல, தெரியாமத்தான் கேட்டாரு: "மருந்து இல்லைங்கீக, அப்ப என்னைய மறுபடி எதுக்குய்யா டெஸ்ட்டு பண்ணணும்ங்கீக?"

ரெண்டு டியூப்பு

எனக்கு மாசம் நெருங்குனப்ப டாக்டர், "இப்பப் பாத்துருவோம்"னாரு. நான் இன்னைக்கு வேண்டாம், செவ்வாக்கெழம, நாளைக்கு அமாவாச, வெள்ளிக்கெழம பாப்போம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். நோயாளிக இதையே சொன்னா நான் என்ன ஏச்சு ஏசியிருக்கேன் தெரியுமா? கடைசியில ரெஜினா சிஸ்டர் என் கையப் பிடிச்சு இழுத்து ஸ்டூல்ல உக்கார வச்சு, "ஒண்ணும் பயப்படாதட்டி"ன்னா. "வாய மூடு!"ன்னு அவ மேல பாஞ்சேன். அவ சிரிக்கல, பஞ்ச நனைச்சு என் கையத் தொடச்சா. மாரியம்மாளுக்கு இல்லைன்னு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. வேலுச்சாமிக்கு மறு டெஸ்ட்டும் அதே வாரந்தான். ஒரே பிளாஸ்க்குல அவரு டியூப்பும் என் டியூப்பும் பக்கத்துல பக்கத்துல போச்சு. கொண்டு போனது சுடலைமுத்து அண்ணாச்சி. என்னால முடியல.

ரிசல்ட்டு வார அன்னைக்கு வேலுச்சாமி காலையிலயே வந்து பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நான் உள்ள எதையோ கழுவுறேன், கழுவுனதயே திரும்பக் கழுவுறேன். டாக்டர் தானே நடந்து லேப்புக்கு வந்தாரு, கண்ணாடியோட. "உனக்கு இல்லம்மா"ன்னாரு. அப்படியே தரையில உக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி ஊத்துது. பிள்ளை உள்ள ஒரு உதை உதைச்சுச்சு. சந்தோசத்துல மூச்சு விட்டு முடிக்கல, டாக்டர் கொரலத் தாழ்த்தி, "வேலுச்சாமிக்கு இன்னும் போகல. தங்கிருச்சு. அப்பப்ப வரச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கணும், வேற நம்ம கையில என்ன இருக்கு?"ன்னாரு.

அத அவருகிட்ட நாந்தான் சொல்லுதேன்னு எந்திரிச்சு வெளிய போனேன். பெஞ்சுக்கு முன்னாடி நிக்கேன். அழுத கண்ணப் பாத்ததும் மனுசன் பதறி எந்திரிச்சுட்டாரு. தனக்கு என்னன்னு கேக்கல. "எம்மா, உங்களுக்கு ஒண்ணுமில்லயே? பிள்ளைக்கு ஒண்ணுமில்லயே?"ன்னாரு. இல்ல அண்ணாச்சி, எங்க ரெண்டு பேருக்கும் இல்ல, உங்களுக்குத்தான் போகலன்னு எப்படியோ சொல்லி முடிச்சேன். துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு. ரொம்ப நேரம் தொடச்சாரு. பெறவு தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னாரு: "அப்பாடா, அது எங்கிட்டயே கெடந்துட்டுப் போகட்டும், நீங்க நல்லபடியாப் பெத்துட்டு வாங்க."

ஓய்வு பெறுற வரைக்கும் எத்தனையோ பேருக்கு ரத்தம் எடுத்துட்டேன், "உங்களுக்கு ஒண்ணுமில்லயே"ன்னு என்னத் திருப்பிக் கேட்டவரு அவர் ஒருத்தர்தான், எங்க ஆஸ்பத்திரி அலமாரி பூரா மருந்து இருந்தும் குடுக்க ஒரு மாத்திரை இல்லாமப் போனதும் அவருக்குத்தான்.